‘ஃபிட்’ என்று சீல் குத்தினால் போதுமா?

என் மச்சான் ஒரு பேட்டரி கம்பெனியில் வேலை செய்கிறார், ஈயத் தூசி பறக்கிற பிரிவு. வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் செக்கப் உண்டு. உயரம், எடை, பிபி, சுகர், இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு ‘ஃபிட்’ என்று சீல் குத்திக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தேன். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஈயம் ஏறியிருக்கிறதா என்று இசிஜி சொல்லாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்று தனியாகப் பார்க்க வேண்டும், அதையும் ஆள் அந்த வேலையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஏனென்றால் வேலையை விட்டு விலகினால் ரத்தத்தில் இருக்கிற ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும், ஆனால் உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதி எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் நகராது. பாதரச ஆவி என்றால் சிறுநீரில் பார்ப்பார்கள், அதுவும் இரண்டு மாதம் போல ஆனால் பாதிதான் இருக்கும். பென்சீன் என்கிற ரசாயனம் உடம்பிலிருந்து இன்னும் வேகமாகப் போய்விடும், ஷிஃப்ட் முடிகிற நேரத்திலேயே சிறுநீர் எடுத்தாக வேண்டும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001 மார்ச்சில் மூடினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். நடுவில் 15 வருஷம்! அத்தனை காலம் கழித்து ஒருவரின் சிறுநீரைச் சோதித்தால் அவர் அன்றைக்குச் சுவாசித்த பாதரசத்துக்கு என்ன தடயம் மிஞ்சும்? வேலை செய்த காலத்தில் எடுத்த அளவுகள்தான் சாட்சி. அது தொழிலாளி கையிலும் இருக்க வேண்டும், கம்பெனி அலமாரியில் மட்டும் இருந்து பயனில்லை.

இது நான் புதிதாகக் கேட்கிற சலுகை இல்லை. போபால் விஷவாயு விபத்துக்கு அப்புறம், 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-சி பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான வேலையில் போடுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை, வேலையில் இருக்கும்போது 12 மாதத்துக்கு மிகாத இடைவெளியில், விலகிய பிறகும். அந்தப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்றும் அதிலேயே இருந்தது.

இந்த மாதிரி வேலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள். ‘ஃபிட்’ என்பதை விட்டுவிட்டு, எந்த ரசாயனத்துக்கு என்ன சோதனை, அளவு என்ன என்று கேளுங்கள். தாளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். செக்கப்புக்குச் சில வாரம் முன்னால் ஆளை வேறு பிரிவுக்கு மாற்றினால், மாற்றிய தேதியையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.