ஒரே குடம், நாற்பது தாள்

பத்திரிகைக்குக் கோட்டோவியம் போட வருகிறவர்களில் பலர் ஒரு பாணியைக் கையோடு கொண்டுவருகிறார்கள். மீன் மாதிரிக் கண், நீண்ட கழுத்து, முகத்தைப் பாதியாகப் பிளக்கும் நிழல். எது யாரிடமிருந்து வந்தது என்று விரல் விட்டுச் சொல்லிவிடலாம். அதில் தப்பில்லை, பார்த்துப் போட்டுத்தான் கை பழகும். அதையே தன் கோடு என்று நம்பிவிடுவதில்தான் வம்பு.

தன் கோட்டைக் கண்டுகொள்ளப் பலன் தரும் பயிற்சி ஒன்று உண்டு. வீட்டில் இருக்கிற பித்தளைக் குடத்தை நாற்பது முறை வரைவது. ஒரே நிப், ஒரே மை, ஒரே அளவுத் தாள். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காமல் தொட்டால் மை திரண்டு சொட்டும். இந்தியன் இங்க் என்னும் கறுப்பு வரைமையில் பெரும்பாலும் அரக்கு கலந்திருப்பதால் காய்ந்ததும் நிப்பின் பிளவு அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது தண்ணீரில் முக்கித் துடையுங்கள். மெலிந்த தாளில் நார் கிளம்பி நிப்பில் மாட்டும். தாளின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) 150-க்குக் கீழே போக வேண்டாம்.

பென்சில் மட்டும் கூடவே கூடாது. அடியில் பென்சில் கோடு இருந்தால் பேனா அதன் மேல் நடந்து போகுமே தவிர, எங்கே அழுத்துவது, எங்கே எடுப்பது என்று தானாக முடிவு செய்யாது. கோடு ஒரே தடிமனில் செத்துக் கிடக்கும்.

முதல் பத்தில் குடம் குடமாக வருமா என்ற கவலை. அடுத்த பத்தில் தெரிந்த வித்தையெல்லாம் வெளியே வரும். இருபதைத் தாண்டினால் அலுப்பு. பலர் எழுந்துவிடுவது இங்கேதான். கை தன் போக்கில் போகத் தொடங்குவதும் இங்கேதான்.

முடிந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பாருங்கள். எது அழகு என்று தேடாதீர்கள், எது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது என்று தேடுங்கள். ஒருவர் கழுத்து வளைவை முடிக்காமலே விட்டிருப்பார். இன்னொருவர் அடிவயிற்றில் அழுத்தி, விளிம்புக்கு வரும்போது முடி போல மெலிந்திருப்பார். யாரையும் பார்க்காமல் வந்தவை அவை.

ஓவியர் கே. எம். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஒரே மனிதரைக் கறுப்பு மையில் திரும்பத் திரும்ப வரைந்தார். கோட்டுக்காக அறியப்பட்ட அவரே பின்னாளில் உருவமில்லாத வண்ண ஓவியங்களுக்குப் போனார். இன்னொரு ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைத் தொடங்கியது 1963-இல். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இருபத்தைந்து வயதில் பாணி அமையவில்லையே என்று புலம்புகிறவர்கள் கவனிக்க.

அச்சும் கோட்டைத் திருத்தும். படத்தைத் துத்தநாகத் தகட்டில் பொறித்து (பிளாக் எடுத்து) அச்சடித்த நாளிலிருந்து இன்றுவரை மட்டமான தாள் மையைக் குடிக்கிறது, கோடு தடிக்கிறது. படத்தைப் பாதியாகக் குறைத்தால் நெருக்கமான குறுக்குக் கோடுகள் அடைந்து கரும்புள்ளியாகும். மெல்லியவை காணாமல் போகும். ஆகவே ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து, இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். வெளிவந்த பக்கத்தை அசலுக்குப் பக்கத்தில் வைத்து, அடைந்துபோன இடங்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டு அடுத்த படத்துக்கு உட்காருங்கள்.