உரம் குறைந்த பிறகும் பச்சையாகவே இருக்கும் ஏரி

"உரத்தைக் குறைச்சுட்டோம் சார். ஏரி மட்டும் ஏன் இன்னும் பச்சையாவே கிடக்கு?"

ஏரி நீரையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் ஆராயும் வேலையில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்கிற விவசாயியின் குரலில் எரிச்சல் தெரியும். அது நியாயமான எரிச்சல் என்றே நினைக்கிறேன். மகசூல் குறையுமோ என்ற பயத்தோடுதான் அவர் உரத்தைக் குறைத்திருக்கிறார். அதற்கான பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

பதில் ஏரியின் அடியில் கிடக்கிறது. வயலில் இடும் பாஸ்பேட்டில், அதாவது பாஸ்பரஸ் அடங்கிய உரத்தில், பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில் பெரும்பகுதி மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். பெருமழையில் அந்த மண் அடித்துவரப்பட்டு ஏரியின் அடியில் வண்டலாகப் படியும். அங்கே ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு, பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். மேலே பெருகிய பாசி செத்துக் கீழே இறங்குகிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வேறு சில பாக்டீரியாக்கள் இரும்பைக் கொண்டே சுவாசிக்கத் தொடங்கும். அப்போது இரும்பு கரைகிறது; அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரஸும் நீருக்குத் திரும்புகிறது. அடுத்த பாசிக் கூட்டத்துக்கு அதுவே தீனி. வயலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராத கோடையிலும் ஏரி தன் சேற்றிலிருந்தே தனக்கு உரம் போட்டுக்கொள்ளும். பல ஏரிகளில் இது பத்து ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கும்.

பாஸ்பரஸுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் கனடாவின் ஏரி 226-ஐப் பற்றிச் சொல்வேன். 1973-இல் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழு அந்த ஏரியின் நடுவே ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் மட்டும்; மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் பச்சையானது. ஏரியின் படத்தை மேலிருந்து பார்த்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அதற்காக நைட்ரஜனை விட்டுவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த நுண்ணுயிர் பெருகும், எவ்வளவு நஞ்சு உண்டாகும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு.

நுண்ணோக்கியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். மண்ணெண்ணெய்ப் படலம் போல நீரில் மிதக்கும் அந்தப் பச்சை, உண்மையில் வழவழப்பான உறைக்குள் நெருங்கிக் கிடக்கும் மிக நுண்ணிய செல்களின் கூட்டம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் காற்று நிரம்பிய நுண்ணறைகள் உண்டு. அவற்றின் துணையால் வெளிச்சம் தேடி மேலே வரும். உடலில் மாவுச்சத்து சேர்ந்து கனத்ததும் கீழே இறங்கும். நீரில் திரியும் டாஃப்னியா போன்ற சிறு உயிர்களுக்கு இந்தப் பெரிய கூட்டங்களைத் தின்பது கடினம். காற்று எந்தக் கரைப் பக்கம் அடிக்கிறதோ அங்கே போய் இவை குவியும். அதனால்தான் ஒரே நாளில் ஒரே ஏரியின் இரண்டு கரைகளில் எடுத்த நீர் இரண்டு ஏரிகளின் நீர் போலத் தெரியும். ஒரு புட்டி நீரை வைத்து "இந்த ஏரி இப்படி" என்று எழுதும் அறிக்கைகளை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

நேரமும் அப்படித்தான். பாசி நிறைந்த ஏரியில் நண்பகலில் கரைந்த ஆக்சிஜனை அளந்தால், நீர் இயல்பாகக் கரைத்து வைத்திருக்கும் முழு அளவான நூறு சதவீதத்தையும் தாண்டும். காகிதத்தில் அது ஆரோக்கியமான ஏரி. இரவெல்லாம் பாசியும் பாக்டீரியாக்களும் சேர்ந்து சுவாசித்தபின், விடியும் முன் அளந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழேகூட இறங்கியிருக்கும். மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் அந்த விடியற்காலைகளில்தான். அலுவலக நேரத்துக்கு ஏற்றபடி மாதிரி எடுக்கிற வழக்கம் மாறியே ஆக வேண்டும்.

குடிநீர் என்று வரும்போது இது இன்னும் தீவிரமாகிறது. ஈரி ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கலந்ததால் 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரமும் சுற்றுப்புறமும் ஏறக்குறைய மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொதிப்பில் இந்த நஞ்சு அழியாது. நீர் வற்றும் அளவுக்குச் செறிவுதான் கூடும்.

நுண்ணுயிர்களை எதிரிகளாக மட்டும் காட்டும் பேச்சு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வயலிலிருந்து வரும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்புவதும் பாக்டீரியாக்கள்தான். கரையோரக் கோரையும் நாணலும் நிற்கிற ஈரச் சேற்றில், ஆக்சிஜன் குறைந்த இடங்களில், அவை இந்த வேலையை ஓசையின்றிச் செய்கின்றன. கரையை "சுத்தம்" செய்கிறோம் என்று புல்பூண்டை வழித்தெடுக்கும்போது அந்த இடம் போய்விடுகிறது.

இப்போதெல்லாம் விவசாயிகளோடு பேசும் முதல் கூட்டத்திலேயே தாமதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடிச்சேற்றை மையத்தில் குழாய் இறக்கி எடுத்து, அதில் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளந்து காட்டிய பிறகே உரத்தைப் பற்றிப் பேசுகிறோம். எத்தனை ஆண்டுக் கோடைகள் பச்சையாகப் போகலாம் என்பதையும் மறைப்பதில்லை. சிலர் முகம் வாடுகிறது. ஆனால் காரணம் தெரிந்தவர்கள் மண் பரிசோதனை செய்து உரமிடுவதைப் பாதியில் கைவிடுவதில்லை. வாய்க்கால் ஓரத்தில் புல்வரப்பு விடுவதற்கும் ஒத்துக்கொள்கிறார்கள். ஏரி பச்சையாகத் தெரிகிற ஆண்டுகளில் நான் அவர்களுக்கு எடுத்துப்போகும் அளவுகள் இரண்டு: மழைக்குப் பின் வாய்க்காலில் வரும் பாஸ்பரஸ், விடியற்காலை அடிநீரில் இருக்கும் ஆக்சிஜன். நீரின் நிறம் மாறுவதற்கு முன்பே இவை மாறத் தொடங்கும்.