கவலையோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கு

பிள்ளைக்கு வரன் அமையவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இப்படி ஏதாவது மனதை அரிக்கும்போதுதான் பாதிப் பேர் மாதாவுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். பிறகு, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 பெருவிழாவுக்கும் நடுவில் அடித்துப் பிடித்து ஓடுகிறார்கள். அந்த நாட்களில் மாதாவைப் பார்க்கலாம், நின்று பேச முடியாது. பின்னால் வருகிற கூட்டம் தள்ளிக்கொண்டே போய்விடும். மனச்சுமையோடு போகிறவர்களுக்குத் திருவிழா இல்லாத வாரநாள்தான் சரி.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே "ரூம் வேணுமா?" தொடங்கிவிடும். மாலையைக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்பார்கள். சீக்கிரம் பீடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்பவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். நமக்காகப் பரிந்து பேச அன்னை இருக்கிறார். அவரிடம் போக ஒரு புரோக்கரா?

பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையில் உள்ள மண் பாதையில் முழங்காலில் போவதுதான் கடினமான நேர்ச்சை. வெயில் ஏறினால் மணல் சுடும், விடிந்ததும் தொடங்கிவிடுங்கள். முட்டியைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் மணல் துணிக்குள் புகுந்து தோலை உரித்துவிடும். சேலையோ வேட்டியோ முட்டிக்கடியில் சிக்கினால் ஆளே குப்புற விழ வேண்டியதுதான். வேகமாகக் கிளம்புகிறவர்கள்தான் பாதியில் கையை ஊன்றி உட்கார்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் நடந்தே போகட்டும், புண் ஆற நாளாகும். மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

முழங்காலில் போகும்போது சொல்லுகிற ஜெபமாலையில் 53 முறை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். அத்தனைக்கும் ஒரே கவலையை மொத்தமாகச் சுமந்து போனால் வாய் ஜெபிக்கும், மனம் வட்டிக்கணக்குப் போடும். முதல் பத்து மணியை நன்றிக்கு மட்டும் கொடுங்கள். "நன்றியோடு விண்ணப்பம் செய்யுங்கள்" என்று பிலிப்பி நகர மக்களுக்குக் கடிதம் எழுதும்போது திருத்தூதர் பவுல் சிறையில்தானே இருந்தார்! அடுத்த பத்தில் கவலையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "எல்லாம் உம் சித்தம்" என்று எடுத்த எடுப்பில் சொல்வது பல நேரம் பயத்தை மூடிவைக்கத்தான். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ஜெபமாலையோடு தியானிப்பது துயர மறைபொருள்கள், அதாவது இயேசு பாடுபட்ட நிகழ்ச்சிகள். முதலாவதே கெத்சமனித் தோட்டம். ஆண்டவரே முகங்குப்புற விழுந்து, இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று முதலில் கேட்டார், அதற்குப் பிறகுதான் தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கொடுத்தார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்கிறது மத்தேயு நற்செய்தி. சொன்னதையே சொல்கிறோமே என்று கூச வேண்டாம்.

பீடத்தின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். அங்கே போய்ப் பட்டியல் வாசிக்காதீர்கள், அதையெல்லாம் மணலிலேயே சொல்லியாயிற்று. சேலை உடுத்தி, பாலனைக் கையில் ஏந்தி நிற்கிற அந்த முகத்தை நிமிர்ந்து பாருங்கள், போதும். கண் தானாக நிறையும், துடைக்கவும் தோன்றாது.

திருப்பலி முடிந்து காணிக்கைகள் வைத்திருக்கும் இடத்துக்கும் போய் வாருங்கள். வெள்ளியில் செய்த கண், கை, கால், நன்றிக் கடிதங்கள்... எத்தனை வீடுகள் தூங்காமல் கிடந்த இரவுகள் அம்மா இவை! கேட்டதற்கும் கேட்காமல் கொடுத்ததற்கும் கோடி நன்றி தாயே. மரியே வாழ்க!