வற்றாப்பளை வீதியில் ஐயாவின் நேர்த்தி

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் அம்மாளுக்கு வைக்கிற நேர்த்திகள் அநேகமாக உடம்பால் செலுத்துகிறவை. காவடி, பாற்செம்பு, கற்பூரச்சட்டி, ஆண்களுக்குக் கோயில் வீதியில் உருண்டு வலம் வருகிற பிரதட்டை, பெண்களுக்கு விழுந்து விழுந்து கும்பிட்டபடி வலம் வருகிற அடியழிப்பு. உடம்பே சுகமில்லாமல் போனவர் உடம்பால் ஒரு நேர்த்தியை வைத்துவிட்டால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இந்த வருடம் பெரிய கேள்வி அதுதான்.

ஐயாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, மாசி மாதத்தில் இருதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தார்கள். தியேட்டருக்குள் கொண்டுபோகிற நேரம், "அம்மாளாச்சி, எழும்பி வந்தால் உன்ர வீதியில உருளுவன்" என்று முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் மனதுக்குள் நேர்ந்திருக்கிறார். அதை எங்களுக்குச் சொன்னது வீடு வந்து சேர்ந்து கன நாளுக்குப் பிறகு. அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குந்திவிட்டா.

எங்களுக்கு உருத்திரபுரம். இரணைமடுத் தண்ணீரில் வயல். காலபோகம் வெட்டி நெல் ஏற்றிய கிழமையில்தான் ஐயாவுக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது. வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வரம்பில் நடந்தால் நோவு வருகிறது, இருந்தால் அடங்குகிறது என்று தம்பி கண்டுபிடித்துத்தான் கிளிநொச்சிக்குக் கொண்டு ஓடினோம். பிறகு யாழ்ப்பாணத்தில் அஞ்சியோகிராம். மூன்று குழாய்களில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். கொழும்புக்குப் போனோம்.

சத்திரசிகிச்சை நாளைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. நெஞ்செலும்பை நடுவால் பிளந்து, காலிலிருந்து எடுத்த நாளத்தையும் நெஞ்சுச் சுவரின் உட்பக்கத்து நாடியையும் அடைப்புக்கு அப்பால் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். அந்த நேரம் இருதயத்தின் வேலையையும் சுவாசப்பையின் வேலையையும் ஒரு இயந்திரம் பார்க்கும். முடிந்ததும் எலும்பை உருக்குக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அந்தக் கம்பி பிறகும் உள்ளேயே இருக்கும். இவ்வளவையும் டொக்டர் ஒரு தாளில் கீறி எனக்கு விளங்கப்படுத்தினார். அம்மா அந்தத் தாளைப் பார்க்க மறுத்து, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வற்றாப்பளைத் திருநீற்றைப் பிடித்துக்கொண்டிருந்தா. ஐசியுவில் ஐயா கண் விழித்தபோது பக்கத்தில் நின்ற சிங்கள நேர்ஸ் பிள்ளை "நோகுதா ஐயா?" என்று தமிழில் கேட்டதை அவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் வேலை தொடங்கியது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடிக்க வேண்டும். மூன்று பந்து உள்ள அந்தப் பிளாஸ்டிக் சாமானில் மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே எழுப்ப வேண்டும், சளி கட்டாமல் இருப்பதற்கு. மல்லாந்துதான் படுக்கை. நாளம் எடுத்த கால் பின்னேரமானால் வீங்கும், உயர்த்தி வைக்க வேண்டும். கையை ஊன்றி எழும்பக் கூடாது. எலும்பு பொருந்த பன்னிரண்டு கிழமை வரை எடுக்கலாம், அதுவரை 5 கிலோவுக்கு மேல் ஒன்றும் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் குடம் நிறைந்தால் அதைவிடப் பாரம். நெல் மூட்டை சுமந்த மனிசன் கிணற்றடியில் வெறுங்கையோடு நின்றதைப் பார்க்க எனக்கே ஏலாமல் இருந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. உப்பைக் குறைத்த குழம்பு, கருவாடு இல்லாத சோறு. ஒரு நாள் விறாந்தையில் இருந்து காரணமில்லாமல் அழுதார். ஐயா அழுது நாங்கள் கண்டது மிகக் குறைவு. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மனம் சோர்வது பலருக்கு வருவதுதான், நடக்க நடக்கக் குறையும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். இதை முதலே யாராவது சொல்லியிருந்தால் அன்றிரவு நாங்கள் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். பைபாஸ் செய்தவர் உள்ள வீட்டுக்காரருக்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

நடை முற்றத்தில் தொடங்கியது. முதலில் வேலிப் படலை மட்டும். பிறகு ஒழுங்கை முடக்கு மட்டும். பிறகு உருத்திரபுரீஸ்வரர் கோயில் பக்கம். நேர்த்தியைச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு நடக்கும் வேகம் வந்துவிட்டது. "வற்றாப்பளை வீதிக்கு இது காணுமோ?" என்று கேட்டபடி நடப்பார். அம்மாள் அந்த மனிதரை நடக்க வைத்ததைக் கண்ணால் கண்டோம். குளிசையும் கிளினிக்கும் ஒரு பக்கம் தங்கள் வேலையைச் செய்தன. ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்திப் பேச எனக்குத் தெரியாது. இரண்டும் இல்லாமல் ஐயா எழும்பியிருக்க மாட்டார்.

வைகாசிப் பொங்கலுக்கே போக வேண்டும் என்று நின்றார். பாக்குத் தெண்டல், தீர்த்தமெடுத்தல் என்று முன்சடங்குகள் முறைப்படி நடந்து, சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புத் தண்ணீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பிறகு திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். அந்த இரவு சனம் தோளோடு தோள் இடிபடும். ஒரு முழங்கை நெஞ்சில் பட்டால்? நாங்கள் சம்மதிக்கவில்லை. ஆனியில் ஒரு திங்கட்கிழமை போவது என்று முடிவானது. பிரதட்டை பற்றி ஐயாவே கிளினிக்கில் கேட்டார். எலும்பு பொருந்தி வருகிறது, ஆனால் உடம்புப் பாரம் முழுக்க நெஞ்சில் விழுகிற வேலை இந்த வருடம் வேண்டாம், நடக்கிறதென்றால் ஆறுதலாக நடவுங்கோ என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து ஐயா ஒன்றும் பேசவில்லை. அம்மாதான் சொன்னா: "நான் அடியழிக்கிறன். நீங்கள் எனக்குப் பக்கத்தில நடவுங்கோ. கேட்டது உங்களுக்காக எண்டால் அது என்ர தாலிக்கும்தானே."

விடியப் புறம் வான் பிடித்துப் புறப்பட்டோம். சீற் பெல்ற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. பரந்தன், புதுக்குடியிருப்புப் பாதையாலும் போகலாம். ஆனால் ஐயா முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த நல்ல காரியத்துக்கும் போனதில்லை. ஏ9 வீதியில் அந்தச் சின்னக் கோயிலடியில் நிற்காமல் போகிற வாகனம் குறைவு. கற்பூரம் கொளுத்தினோம். ஐயா தேங்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓங்கி அடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்ததும் என் மகனிடம் கொடுத்தார். பெடியன் அடித்த அடியில் தேங்காய் சிதறிப் போனது. "பிள்ளையாருக்கு என்ர பேரைச் சொன்னனியோ?" என்று கேட்டுக் கேட்டே கச்சான் கடைக்குப் போனார். உப்புப் போடாத கச்சான் தேடி எடுத்தோம்.

மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் இறங்கினோம், கால் வீங்காமல் இருக்க இடையில் நடக்கவும் வேண்டியிருந்தது. குரக்கன் வெட்டிய நிலத்தில் ஒட்டுக்கு நெருப்பு வைத்தபோது ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றதாம். மண்வெட்டியால் வெட்ட இரத்தம் பெருகியதாம். தோண்டிப் பார்த்த கமக்காரர் கண்டது சிவலிங்கம். எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை இது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், அன்றைக்கு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. வெட்டுப்பட்ட இடத்தில்தான் இறைவன் வெளிப்பட்டார், அங்கேயே கோயில் எழுந்தது.

உள்ளே போக ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். இதை நான் யோசித்திருக்கவில்லை. வீட்டில்கூட ஐயா சட்டைப் பொத்தான் பூட்டாமல் வெளியில் வருவதில்லை, தொண்டைக் குழிக்குக் கீழிருந்து இறங்கும் அந்தத் தழும்பை ஒருவரும் காணக் கூடாது என்று. சால்வையால் போர்த்திக்கொள்ளுங்கோ என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மண்டபத்தில் ஒரு முதியவர் அவரைப் பார்த்தார். "பைபாஸோ? எப்ப செய்தனீங்கள்?" என்று கேட்டார். ஐயா சொன்னார். அவர் தன் நெஞ்சைக் காட்டினார். கோடு வெளுத்து, திருநீற்றுக்குள் மறைந்து கிடந்தது. "எனக்குக் கனகாலம். இப்பவும் வயலுக்குப் போறன். குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ." நாங்கள் ஆயிரம் முறை சொன்னதை அவர் ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு ஐயா திரும்பும் வரை சட்டை கேட்கவில்லை.

முள்ளியவளையில் காட்டா விநாயகரை வணங்கிக்கொண்டு வற்றாப்பளைக்கு வந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. பொங்கல் முடிந்த வீதியில் கற்பூரக் கரியும் அடுப்புக் கல்லுகளும் அங்கங்கே கிடந்தன. மதுரையை எரித்த கோபத்தோடு வந்த கண்ணகி இந்த நந்திக்கடல் ஓரத்தில்தான் கிழவி வடிவில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் வந்தாவாம். பசிக்கிறது என்றாவாம். பிள்ளைகள் புக்கை பொங்கினார்களாம். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை ஊற்றி எரிக்கச் சொன்னாவாம், அது எரிந்ததாம். எண்ணெய் இல்லாத இடத்தில் உப்புத் தண்ணீரை எரிய வைத்தவளிடம் எதையும் கேட்கலாம் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. என்னுடையதும்.

அம்மா குளித்த ஈரச் சேலையோடு வந்து நிலத்தில் விழுந்து கும்பிட்டா. கை எட்டிய இடத்தில் கோடு போட்டு, எழும்பி அந்தக் கோட்டுக்குப் போய், மறுபடி விழுந்தா. அவவுக்கும் முழங்கால் நோவு. ஐயா பக்கத்தில் நடந்தார். அம்மா விழும்போது நின்றார், எழும்பும்போது ஓரடி வைத்தார். நாங்கள் இத்தனை மாதமும் "மெல்ல, மெல்ல" என்று கத்தியும் அவர் நடக்காத மெல்லிய நடை அது. தெற்கு வீதியில் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். மேற்கு வீதி திரும்பியபோது அம்மாவுக்குக் கை கொடுக்கக் குனியப் பார்த்தார். தம்பி ஓடிப்போய்த் தடுத்து, தான் தூக்கிவிட்டான்.

வலம் முடிந்து ஐயா கடற்பக்கம் பார்த்து நின்றார். 2009 மே மாதம் இந்தக் கடலைச் சுற்றி நாங்கள் பட்டது எழுதி முடியாது. வட்டுவாகல் பாலத்தால் வெளியே வந்தபோது நடக்க ஏலாத அப்பாச்சியை ஐயா முதுகில் சுமந்து வந்தார். அந்த நெஞ்சைத்தான் பிளந்து கட்டியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா மூன்று கல் வைத்துப் புதுப்பானையில் பொங்கினா. பால் பொங்கி வழிந்தபோது பானையை இறக்க ஐயாவின் கை தானாக நீண்டது. தம்பி முந்திவிட்டான். பூசை முடிந்து படைத்த புக்கையை, சர்க்கரை வருத்தமும் இருப்பதால், ஒரு அகப்பையளவு மட்டும் கொடுத்தோம். விரலை நக்கிச் சாப்பிட்டார். மாசிக்குப் பிறகு அவர் ருசித்துச் சாப்பிட்டதை அன்றைக்குத்தான் கண்டோம்.

பைபாஸ் செய்தவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கு: திருவிழா நாளைத் தவிருங்கள், வெயிலுக்கு முதல் வலம் முடியுங்கள், குளிசையும் கிளினிக் கொப்பியும் கையில் இருக்கட்டும், போகலாமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும்போது ஐயா வானில் சொன்னார், "பிரதட்டை கடன் நிக்குது. வாற வைகாசிக்கு உருளுவன்." அம்மா சொன்னா, "டொக்டர் ஓம் எண்டால் உருளுங்கோ. இல்லையெண்டால் நான் திரும்பவும் அழிக்கிறன்." அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அதைக் கேட்க வேண்டும் என்று ஐயா தம்பியிடம் சொல்லிக் கொப்பியின் பின் மட்டையில் எழுதுவித்தார்.