முதல் முறை பகடை உருட்டுகிறவர்களுக்காக

மார்ச் 5, வியாழன்

சனிக்கிழமை நண்பர்கள் நாலு பேர் வருகிறார்கள். யாரும் டேபிள்டாப் ரோல்-பிளேயிங் கேம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம்) ஆடியதில்லை. "நடிக்கணுமா? எனக்குக் கூச்சமா இருக்கும்டா" என்று ஒருவன் இப்போதே கேட்டுவிட்டான். வளர்ந்தவர்களைத் தடுப்பது விதிகள் இல்லை, இந்தக் கூச்சம்தான். அதனால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகத்தை யாருக்கும் அனுப்பவில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம். அதன் பிறகு விதிகள் எக்கச்சக்கமாகப் பெருகிவிட்டன. முதல் நாளுக்கு இவ்வளவு போதும்: நிலைமையை நான் சொல்வேன், என்ன செய்வது என்று அவர்கள் சொல்லணும், முடிவு எப்படியும் போகலாம் என்றால் மட்டும் பகடை.

மார்ச் 6, வெள்ளி

ஒவ்வொரு பாத்திரத்தின் திறமைகளையும் எண்களாகக் குறிக்கும் கதாபாத்திரத் தாள்களை நானே நிரப்பிவிட்டேன். இல்லையென்றால் மாலை முழுக்க அதிலேயே போய்விடும்.

மார்ச் 7, சனி

தொடங்குமுன், கதையில் எது வரக்கூடாது என்று எல்லோரிடமும் கேட்டேன். ஒருத்தி சிலந்தி வேண்டாம் என்றாள். குகையில் இருந்த சிலந்திகள் ஓநாய்களாயின.

கோட்டை வாசலில் காவலாளி. கூச்சப்பட்டவனுக்குத் திருடன் பாத்திரம். "என் ஆளு அவன்கிட்ட பேச்சுக் கொடுக்கிறான்" என்றான். என்ன சொல்லி என்று கேட்டேன். "எங்க ஆடு இந்தப் பக்கம் ஓடி வந்துச்சான்னு." ஆடே கிடையாது! பொய் பலிக்க 15 வேண்டும். விழும் எண்ணோடு கூட்டிக்கொள்ள அவன் தாளில் +5 இருந்ததால் இருபது பக்கப் பகடையில் 10 விழுந்தால் போதும். நூற்றுக்கு 55 வாய்ப்பு. அதற்குள் பக்கத்தில் இருந்தவள், "நான் புதருக்குப் பின்னாடி ஆடு மாதிரி கத்துறேன்" என்றாள். கூட்டாளி உதவினால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு ஏறக்குறைய 80 ஆகிவிடும். இந்த விதியை முன்கூட்டியே விளக்கியிருந்தால் காதிலேயே ஏறியிருக்காது. அந்த நொடியில் நாலு பேரும் மேஜை மேல் கவிழ்ந்துகொண்டு கேட்டார்கள்.

விழுந்தது 4, 17. எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

அப்புறம் "என் ஆளு" போய் "நான்" வந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. குரலை மாற்றிப் பேசச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. செய்ய ஒரு காரியம் கிடைத்தால் பேச்சு தானாக வரும்.

மார்ச் 8, ஞாயிறு

அடுத்த சனியும் வருகிறார்களாம். ஆளுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன்: உங்கள் பாத்திரம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? ஆடு மாதிரி கத்தியவள் மூன்று பத்தி எழுதி அனுப்பியிருக்கிறாள். கடன் கொடுத்தவனைக் கோட்டைக்குள்ளேயே நிறுத்தப் போகிறேன்.