சாக்கடை சோசலிஸ்டுகளின் ஊரில் ஒரு நவம்பர்

நவம்பர் 5, 2025, புதன்

நேற்று ராத்திரி நியூயார்க் மேயர் தேர்தல் முடிவு வந்துவிட்டது. ஜனநாயக சோசலிஸ்டான ஸோரான் மம்தானிதான் மேயர். வெற்றி உரையை ஆரம்பித்ததுமே பழைய சோசலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸின் பெயரைச் சொன்னார். சோபாவில் சாய்ந்திருந்த மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. மன்னார்குடியில் அரசு பஸ் நடத்துநராக இருந்து, சங்கம் சங்கம் என்று அலைந்து ஓய்வு பெற்றவர். பேரனைப் பார்க்க மில்வாக்கி வந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, அமெரிக்காவுல சோசலிஸ்ட் ஜெயிக்கிறது இதான் மொத தடவையா?"

"நீங்க உக்காந்திருக்கிற ஊர்லயே மூணு பேர் ஜெயிச்சிருக்காங்க மாமா."

நம்பவில்லை. எழுதிக் காட்டினேன். எமில் சைடல், 1910 முதல் 1912 வரை. டேனியல் ஹோன், 1916 முதல் 1940 வரை. ஃபிராங்க் சைட்லர், 1948 முதல் 1960 வரை. மூவரும் சோசலிஸ்ட் கட்சிக்காரர்கள், மூவரும் ஓட்டு வாங்கி மேயரானவர்கள். சைட்லர் பதவியில் இருந்த காலத்தில்தான் மெக்கார்த்தி கம்யூனிஸ்ட் வேட்டை ஆடிக்கொண்டிருந்தார். அந்த மெக்கார்த்தியும் இதே விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டர்தான்.

டெப்ஸ் கதையையும் கேட்டார். முதல் உலகப் போரை எதிர்த்து 1918-இல் ஓஹையோவில் பேசியதற்குப் பத்து வருஷ தண்டனை. 1920-இல் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். மாமாவுக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை. எனக்கு ஆபீஸ் இருந்தது.

நவம்பர் 7, வெள்ளி

மத்திய அரசு மூடிக் கிடக்க ஆரம்பித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. அக்டோபர் 1 முதல் செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லை. இந்த மாதம் உணவு உதவிப் பணமும் நின்றுபோனது. நாடு முழுக்க நாலு கோடிப் பேருக்கு மேல் அதை நம்பி இருக்கிறார்கள், விஸ்கான்சினில் மட்டும் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். நேற்று ஒரு நீதிபதி முழுத் தொகையையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டதும், எங்கள் மாநிலம் ராத்திரியோடு ராத்திரியாக அட்டைகளில் பணத்தை ஏற்றிவிட்டது.

மாமா கேட்டது: "அப்ப ரேஷன் கடை எங்க இருக்கு?"

ரேஷன் கடையே கிடையாது. இங்கே அரசாங்கம் அரிசி விற்காது. ஓர் அட்டையில் பணம் போட்டுக் கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு எல்லோரும் போகிற தனியார் கடைக்கே போக வேண்டியதுதான். ஆக, ஏழைக்குப் போகிற உதவி கடைக்காரரின் கல்லாவிலும் விழுகிறது. உதவி நின்றால் இரண்டு பக்கமும் அடி. அமெரிக்க அரசின் குணம் இதில் நன்றாகத் தெரிகிறது. செலவு செய்யக் கூச்சமில்லை, கடை திறக்கத்தான் கூச்சம். நியூயார்க்கின் ஐந்து பகுதிகளிலும் நகராட்சியே பகுதிக்கொரு மளிகைக் கடை நடத்தும் என்று மம்தானி சொன்னதற்கு அவ்வளவு கூச்சல் எழுந்ததும் அதனால்தான். அந்தக் கடை ஓடுமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. மளிகை வியாபாரத்தில் லாபம் மிகக் குறைவு. ஐந்து கடைக்காகச் சரக்கு எடுப்பவர் ஐயாயிரம் கடைக்காரரோடு விலையில் மல்லுக்கட்ட முடியாது.

நவம்பர் 9, ஞாயிறு

இலை கூட்டும் நாள். எங்கள் ஊரில் வாசல் மரத்து இலைகளைக் கூட்டித் தெரு ஓரம் குவித்துவிட்டால் நகராட்சி வண்டி வந்து அள்ளிப் போகும். பக்கத்து வீட்டுப் பெரியவர், இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இலையைத் தள்ளிவிட்டுப் புல்தரைக்கு உரம் தூவிக்கொண்டிருந்தார். மிலோர்கனைட் என்ற உரம். குருணை குருணையாகக் காப்பித்தூள் நிறத்தில் இருக்கும். மூட்டையைப் பிரித்ததும் ஒரு மக்கிய வாடை, கொஞ்சம் தொழுவம், கொஞ்சம் பழைய கோணிச் சாக்கு. பனி உறைவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை தூவுவது இங்கே வழக்கம்.

அது எங்கள் எல்லோர் வீட்டுக் கழிவும்தான். ஹோன் மேயராக இருந்தபோது, 1925-இல், ஜோன்ஸ் ஐலண்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்ப்பார்கள். அவை கழிவைத் தின்று பெருகும். பிறகு அந்த நுண்ணுயிர்ச் சேற்றை வடித்து, சூட்டில் உலர்த்திக் குருணையாக்குவார்கள். 1926 முதல் விற்கிறார்கள். கோல்ஃப் மைதானக்காரர்களுக்கு இதன் மேல் தனிப் பிரியம். சோசலிஸ்ட் நகராட்சி செய்த சரக்கு பணக்காரர்களின் கோல்ஃப் புல்லுக்குப் போயிருக்கிறது, விற்ற காசு ஆலைக்குத் திரும்பியிருக்கிறது.

பெரியவருக்கு மம்தானி பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நாடு வெனிசுலா ஆகப்போகிறது என்கிறார். "உங்கள் கையில் இருக்கும் உரம் சோசலிஸ்டுகள் கொடுத்ததாச்சே" என்றேன். அவருக்குத் தெரியாதது இல்லை. "அவர்களா? அவர்கள் சோசலிஸ்டுகள் இல்லை, ஜெர்மன்காரர்கள்" என்று சொல்லிவிட்டு உர வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

முழுப் பொய்யும் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த தச்சர்களும் வார்ப்படத் தொழிலாளிகளும் பீர் ஆலைத் தொழிலாளிகளும்தான் இந்த ஊர்க் கட்சியின் முதுகெலும்பு. சைடலே மர அச்சு செதுக்கும் தொழிலாளி. அவருக்கு முன் நகரசபை லஞ்சத்தில் நாறிக்கிடந்தது. இவர்கள் வந்ததும் முதல் வேலையாகக் கணக்கைச் சரி செய்தார்கள். சுகாதாரத் துறை, தடுப்பூசி, பூங்கா, குடிநீர், சாக்கடை. 1932-இல் கட்சி மாநாடு இதே ஊரில் நடந்தபோது நியூயார்க் தலைவர் மோரிஸ் ஹில்க்விட் "சாக்கடை சோசலிஸ்டுகள்" என்று இவர்களைக் கேலி செய்தார். புரட்சியை விட்டுவிட்டுக் குழாயைப் பற்றியே பேசுகிறார்களாம். மில்வாக்கிக்காரர்கள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். என் ஓட்டு சாக்கடைப் பக்கம்தான். டைஃபாய்டில் குழந்தை செத்துக்கொண்டிருந்த தெருவில் இதைவிடப் பெரிய புரட்சி எது என்று ஹில்க்விட் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 10, திங்கள்

1919-இல் இதே தேதியில் அமெரிக்க கீழவை, மில்வாக்கி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய சோசலிஸ்ட் விக்டர் பெர்கரை உள்ளே விட மறுத்தது. போரை எதிர்த்து எழுதியதற்காக அவருக்கு இருபது வருஷ தண்டனை விதித்திருந்தார்கள். சபையில் அவருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது ஒரே ஒருவர், அவரும் விஸ்கான்சின் குடியரசுக் கட்சிக்காரர். சரி, இடைத்தேர்தல் வைத்தார்கள். ஊர் மறுபடியும் பெர்கரையே ஜெயிக்க வைத்தது. ஜனவரியில் மறுபடியும் கதவை மூடினார்கள். 1921-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 1923-இல் மீண்டும் உறுப்பினராகி உள்ளே போனார்.

மாமா இதைக் கேட்டதும் அவருடைய சங்கத்து வேலைநிறுத்தக் கதைகளை ஆரம்பித்துவிட்டார். எழுதினால் பக்கம் போதாது.

நவம்பர் 13, வியாழன்

நேற்று இரவு ஜனாதிபதி செலவு மசோதாவில் கையெழுத்துப் போட்டார், அரசு திறந்துவிட்டது. 43 நாள். இதுவரை நடந்ததிலேயே நீளமான மூடல் இதுதான்.

மேஜையில் இரண்டு பில் கிடக்கிறது. ஒன்று நகராட்சியுடையது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும். குடிநீர், சாக்கடை, மழைநீர் வடிகால், குப்பை, கூடவே "பனி, உறைபனி" என்று தனியாக ஒரு வரி. சாலையில் பனி தள்ளுவதற்கான காசு அது. ஏப்ரலில் பார்த்தால் எரிச்சல் வரும், ஜனவரியில் வராது. இன்னொன்று மின்சார பில். அது தனியார் நிறுவனத்திடமிருந்து வருகிறது.

மாமாவுக்கு இது விசித்திரம். ஒரே வீடு, ஒரே தெரு. தண்ணீர் பொதுவில், கரண்ட் தனியாரில். ஏன்?

ஹோன் முயற்சி செய்து தோற்ற இடம் அதுதான். மின்சாரத்தையும் டிராமையும் நகராட்சி எடுக்க வேண்டும் என்று அவர் பதவிக்காலம் முழுக்கப் போராடினார். தெருவிளக்கு கைக்கு வந்தது, கல் குவாரி வந்தது, மின் நிறுவனம் வரவில்லை. அதற்குப் பதிலாக விஸ்கான்சினில் நிலைத்தது 1907-இல் வந்த வேறொரு ஏற்பாடு. நிறுவனம் தனியாரிடமே இருக்கும், போட்டி இருக்காது, கட்டணத்தையும் லாப விகிதத்தையும் மாநில ஆணையம் முடிவு செய்யும். கடைக்காரர் எவ்வளவு லாபம் பார்க்கலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது, வாங்குபவர் வேறு கடைக்குப் போக முடியாது. இதைச் சுதந்திரச் சந்தை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் யாரும் இதை சோசலிசம் என்று திட்டுவதும் இல்லை.

இதைவிட வேடிக்கை நெப்ராஸ்கா. மின்சார வினியோகம் முழுக்கப் பொது நிறுவனங்கள், கூட்டுறவுகள் கையில் இருக்கும் ஒரே மாநிலம். தனியார் மின் நிறுவனம் கிடையாது. ஓட்டு மட்டும் குடியரசுக் கட்சிக்கு.

நவம்பர் 15, சனி

மாமாவை ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப் போனேன். நகர மையத்தில் ஓடும் ஹாப் டிராம் இலவசம். ஏறினோம். மாமா கண்ணால் நடத்துநரைத் தேடினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. "டிக்கெட்டு கிழிக்காத வண்டியில ஒக்கார என்னமோ மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார். பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது அவருடைய பழைய சக நடத்துநர்களுக்கு வேலை குறையவில்லை, தலை எண்ணுகிற வேலை சேர்ந்ததுதான் மிச்சம் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்.

அப்புறம் ஹோன் பாலம். துறைமுகத்துக்கு மேலே உயரமாகப் போகும். மேலே இருந்து பார்த்தால் ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, கீழே ஜோன்ஸ் ஐலண்ட் ஆலை. அந்த ஆலையைச் சொந்தமாக வைத்திருப்பது பொது வாரியம். ஆனால் தினப்படி ஓட்டுவது 2008 முதல் வெயோலியா என்ற பிரெஞ்சு நிறுவனம், ஒப்பந்தத்தில். மாமா பாலம் முடிகிற வரை பேசவில்லை. பிறகு, "ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேரு?" என்று கேட்டார். மனிதர் மாறவே மாட்டார்.

பொதுவுடைமை என்றாலே நன்றாக ஓடும் என்பதும் இல்லை. 1993 வசந்தத்தில் இதே நகராட்சிக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்து ஏறக்குறைய நாலு லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முக்கியமாக எய்ட்ஸ் நோயாளிகள், பலர் செத்தார்கள். தெற்கு ஆலையில் தண்ணீர் கலங்கலாக வந்தும் விநியோகம் நிற்கவில்லை. அமெரிக்காவில் தண்ணீரால் பரவிய நோய்களில் பதிவானதில் அதுதான் பெரியது. பிறகு ஓசோன் சுத்திகரிப்பு கொண்டுவந்தார்கள், உறிஞ்சும் குழாயை ஏரிக்குள் இன்னும் தள்ளிப் போட்டார்கள். ஊர் கேட்டது, நகராட்சி செலவு செய்தது. பொதுவில் இருப்பதன் பயன் தப்பே நடக்காது என்பதில் இல்லை. தப்பு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதில் இருக்கிறது.

நவம்பர் 22, சனி

நேற்று ஒரே நாளில் இரண்டு கூத்து. காலையில் கீழவை "சோசலிசத்தின் கொடூரங்களை"க் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 285க்கு 98. ஜனநாயகக் கட்சியினர் 86 பேர் ஆதரித்திருக்கிறார்கள். லெனின், ஸ்டாலின், மாவோ, போல் பாட் எல்லோர் பெயரும் தீர்மானத்தில் இருக்கிறது. பிற்பகலில் டிரம்ப் வெள்ளை மாளிகையில் மம்தானியைப் பக்கத்தில் நிறுத்திச் சிரித்துக்கொண்டே பாராட்டினார்.

போல் பாட் செய்தது படுகொலை, அதைக் கண்டிக்க யாருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கும் மம்தானி ரத்து செய்வதாகச் சொன்ன பஸ் கட்டணத்துக்கும் முடிச்சுப் போடுவது பழைய வித்தை. 1961-இல் ரொனால்ட் ரீகன், முதியோர் மருத்துவக் காப்பீட்டை சோசலிசம் என்று எச்சரித்து இசைத்தட்டு வெளியிட்டார். மருத்துவர் சங்கம் அதை வீடு வீடாகப் போட்டுக் காட்டியது. 1965-இல் அந்தக் காப்பீடு மெடிகேர் என்ற பெயரில் வந்தது. ரீகன் ஜனாதிபதியாக எட்டு வருஷம் இருந்தார், மெடிகேரும் இருந்தது.

நவம்பர் 26, புதன்

பக்கத்து வீட்டுப் பெரியவர் பூசணிப் பை கொண்டுவந்தார், நாளைக்குத் தேங்க்ஸ்கிவிங். பேச்சு சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தின் பக்கம் போனது. ஆகஸ்டில் டிரம்ப் அரசு இன்டெலில் சுமார் பத்து சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியபோது அரசுக்குத் "தங்கப் பங்கு" ஒன்று, ஜனாதிபதி தலையசைக்காமல் தலைமையகத்தைக்கூட மாற்ற முடியாது. இன்டெல் விஷயத்தை, தன்னை சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஆதரித்தார், குடியரசுக் கட்சி செனட்டர் ராண்ட் பால் இது சோசலிசத்தை நோக்கிப் போகும் அடி இல்லையா என்று கேட்டார். பெரியவர் டிரம்ப் பக்கம். வரிப்பணம் கொடுத்தால் பங்கு கேட்பதில் என்ன தப்பு என்கிறார். அந்த வாதத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "பங்கு எடுத்தாச்சு, சரி. போர்டுல யாரு ஒக்கார்றா?"

யாரும் இல்லை. அரசுக்கு இயக்குநர் குழுவில் இடமில்லை, பெரும்பாலான விஷயங்களில் இயக்குநர் குழு சொல்கிறபடியே ஓட்டுப் போடுவதாகவும் ஒப்பந்தம்.

வடக்கு டகோட்டாவை நினைத்துக்கொண்டேன். கோதுமை விவசாயிகள், தானிய வியாபாரிகளின் தரம் பிரிக்கும் தில்லுமுல்லும் வட்டியும் பொறுக்காமல் 1919-இல் மாநிலத்துக்கென்று சொந்த வங்கி ஆரம்பித்தார்கள். 1922-இல் மாவு மில். இரண்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. அந்த மாநிலமும் இன்று குடியரசுக் கட்சியின் கோட்டை. வங்கியை மேற்பார்ப்பவர்கள் ஆளுநர், அரசு வழக்கறிஞர், வேளாண் ஆணையர் மூவரும்தான், மூவருமே தேர்தலில் நின்று வருபவர்கள். 1921-இல் மக்களுக்குக் கோபம் வந்து அந்த மூவரையும் பதவிக்காலத்தின் நடுவிலேயே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். அதே நாளில் வங்கியை ஒழிக்கவும் ஓட்டெடுப்பு நடந்தது. அது தோற்றது. ஆட்களை அனுப்பிவிட்டு வங்கியை வைத்துக்கொண்டார்கள்.