டாரட்டில் நான்கு ஐந்துகள்: நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

டாரட் என்பது குறி பார்க்கும் சீட்டுக் கட்டு; அதில் 78 சீட்டு. மேஜர் ஆர்க்கானா எனும் பெரிய படச் சீட்டுகள் 22 போக மிச்சம் 56; கோல், கோப்பை, வாள், காசு என வகைக்கு 14. இந்த 56-இல் ஐந்தாம் எண் நாலே சீட்டில்தான் வருகிறது. நாலும் பார்த்த மாத்திரத்தில் முகம் சுண்டவைக்கிற சீட்டுகள். படிக்க ஆரம்பிப்பவர்கள் "5 வந்தால் சண்டை, நஷ்டம்" என்று ஒரே வரியில் குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் எந்த ஐந்து வந்தாலும் பலன் ஒன்றாகவே இருக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித்துடையவை. எண் சீட்டுகளையும் ஆட்கள் நடமாடும் காட்சிகளாக ஸ்மித் வரைந்ததால், மனப்பாடத்தைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். ஐந்துக்கு ஒரு சின்னப் பயிற்சி: பலன் சொல்வதற்கு முன், அந்த ஐந்து பொருளும் எங்கே இருக்கின்றன, யார் கையில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். நாலு சீட்டுக்கும் நாலு விடை வரும்.

ஜூன் 3, செவ்வாய்

ஐந்தைத் தனியாகப் படிக்கக் கூடாது. நாலை இடப்பக்கமும் ஆறை வலப்பக்கமும் வைத்து, மூன்றையும் ஒரே வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நாலு என்பது நாலு கால் ஊன்றி நிற்கும் நிலை. கோல் 4-இல் நட்ட கோல்களில் மாலை தொங்குகிறது. கோப்பை 4-இல் ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நீட்டிய கோப்பையைக்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வாள் 4-இல் கல்லறைமேல் வீரன் படுத்திருக்கிறான். காசு 4-இல் ஒருவன் காசைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் இருக்கிறான். கவனித்தால், கோலைத் தவிர மற்ற மூன்றிலும் அந்த உறுதி கொஞ்சம் தேங்கிப்போயிருக்கிறது. ஐந்து வந்து உடைப்பது அந்தத் தேக்கத்தை.

வெயிட், ஸ்மித் இருவரும் கோல்டன் டான் என்ற பிரிட்டிஷ் மறைஞான சங்கத்தில் இருந்தவர்கள். அந்த மரபில் ஐந்து என்பது கபாலா எனும் யூத மறைஞானம் வரையும் பத்து இட மரத்தில் ஐந்தாம் இடமான கெபுரா. அதற்குரியவை கண்டிப்பு, வெட்டியெறிதல், செவ்வாய்க் கிரகம். நாலு ஐந்துகளுக்கும் அவர்கள் வைத்த பெயர்கள்: கோலுக்குப் பூசல், கோப்பைக்கு இன்பத்தில் இழப்பு, வாளுக்குத் தோல்வி, காசுக்குப் பொருள் தொல்லை.

நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். நம்மிடம் புழங்கும் எண் கணிதத்தில் 5 என்றால் புதன். வியாபாரத்துக்கு ராசியான எண் என்று கடைப் பெயரின் கூட்டுத்தொகையைக்கூட ஐந்துக்கு மாற்றுவார்கள். அந்த நினைப்போடு காசு 5-ஐப் பார்த்து "தொழில் ஓஹோ" என்று சொன்னால், படத்தில் பனியில் வெறுங்காலோடு நடப்பவளை என்ன செய்வது? ஒரு வாசிப்புக்கு ஒரு மரபு. இரண்டையும் கலக்காதீர்கள்.

ஜூன் 5, வியாழன்

கோல் 5. ஐந்து இளைஞர்கள், ஆளுக்கு ஒரு கோல், ஆளுக்கு ஒரு நிற உடை. எண்ணிப் பார்த்தால் ஐந்து கோலும் ஐந்து பேர் கையில். எதுவும் கீழே விழவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. கோல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தாலும் ஒன்றுகூட ஓர் உடம்பைத் தொடவில்லை என்பதைச் சீட்டைக் கிட்டே வைத்துப் பாருங்கள். வெயிட்டே இதைப் பாவனைப் போர் என்றுதான் குறிக்கிறார். ஐந்துகளில் மிக லேசானது இது.

வேலை பற்றிய கேள்விக்கு வந்தால்: ஐந்து பேரும் பேசுகிற, ஒருவரும் கேட்காத கூட்டம். போட்டித் தேர்வு, டெண்டர் என்றால் அப்படியே போட்டி. "எதிரிகள் சூழ்ச்சி" என்று சொல்வது தப்பு; சூழ்ச்சிக்கு உரியது வாள். அடுத்து வரும் கோல் 6-இல் ஒருவன் குதிரைமேல் வாகை சூடி வருகிறான். ஐந்து பேரின் இழுபறியிலிருந்து ஒருவன் முன்னுக்கு வந்தாயிற்று.

ஜூன் 6, வெள்ளி

கோப்பை 5. கறுப்புப் போர்வையில் ஓர் உருவம், தலை குனிந்து. முன்னால் மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கின்றன, பின்னால் இரண்டு நிற்கின்றன. மூன்று போச்சு, இரண்டு இருக்கிறது. பின்னணியில் ஆறு, பாலம், அக்கரையில் சின்னக் கோட்டை.

இதில் அதிகம் நடக்கும் பிழை அவசர ஆறுதல். சீட்டைத் திருப்பியதுமே "பின்னால் இரண்டு இருக்கே, திரும்பிப் பாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். துக்க வீட்டில் போய், கணக்குப் பார்த்து மிச்சத்தைச் சொல்வதுபோல. அந்த உருவம் இன்னும் திரும்பவில்லை. வாசிப்பில் எடுத்த அடுத்த சீட்டு என்ன என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புமா என்று சொல்ல முடியும். கோப்பை 6 வந்தால் பழைய உறவு, சிறுவயது நினைவு வழியாக மீட்சி. கோப்பை 8 வந்தால் ஆள் இருப்பதையும் விட்டுவிட்டு நடக்கிறார்; அங்கே "இரண்டு இருக்கே" என்ற பேச்சு எடுபடாது.

தலைகீழாக வந்தால்? ஐந்துகள் தலைகீழானால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பொது விதி உலவுகிறது. வெயிட் தந்த பலன்களில் கோப்பைக்கு மட்டும்தான் அது பொருந்தும்: செய்தி, கூட்டுறவு, திரும்பி வருதல். கோல் தலைகீழானால் வழக்கு, தகராறு. காசு தலைகீழானால் குழப்பம், அழிவு. வாளுக்கு நேராகச் சொன்னதே, கூடவே ஈமச்சடங்கு.

ஜூன் 9, திங்கள்

வாள் 5. நாலில் கடினமானது, காரணம், யாருக்காக வாசிக்கிறோம் என்பதே படத்தில் தெளிவில்லை. முன்னால் நிற்பவன் இடத்தோளில் இரண்டு வாள், வலக்கையில் ஒன்று. தரையில் இரண்டு. தோற்ற இருவர் நீர்ப்பக்கமாக நடந்துபோகிறார்கள், வெறுங்கையோடு. வானத்தில் கிழிந்த மேகம். ஐந்து வாளும் களத்திலேயே இருக்கின்றன, போனது ஆட்கள்.

வாசிப்பு வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வந்தவரிடம் சீட்டைக் காட்டி, "இந்த மூன்று பேரில் நீங்கள் யார்?" என்று கேளுங்கள். வென்றவன் என்றால் பலன்: வாதத்தில் ஜெயித்துப் பேச்சுவார்த்தை அறுந்துபோதல். சொத்துப் பாகப்பிரிவினையில் இதைவிடப் பொருத்தமான சீட்டு கிடையாது. போகிறவர் என்றால்: இந்தச் சண்டையைத் தொடர வேண்டாம், தரையில் கிடக்கிற இரண்டு வாளுக்காகத் திரும்பி வர வேண்டாம். வாள் 6-இல் ஒருத்தியும் குழந்தையும் படகில் அக்கரைக்குப் போகிறார்கள், வழி தண்ணீர்ப்பக்கம்தான். கேட்பவருக்கு விடை தெரியவில்லை என்றால் வற்புறுத்தாமல், பக்கத்துச் சீட்டில் ராஜா, ராணி, நைட், பேஜ் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஜூன் 10, செவ்வாய்

காசு 5. பனி கொட்டுகிறது. வெறுங்காலோடு ஒரு பெண், பின்னால் ஊன்றுகோலில் ஒருவன், கழுத்தில் மணி. மேலே விளக்கெரியும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். ஐந்து காசும் அந்த ஜன்னலில். இவர்கள் கையில் பூஜ்யம். வாசலைத் தேடாதீர்கள், ஸ்மித் வரையவில்லை. அதனால் "உள்ளே போனால் உதவி கிடைக்கும்" என்பதும் "கதவு சாத்திவிட்டார்கள்" என்பதும் இரண்டுமே நாம் சேர்ப்பவை. எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேண்டும். பக்கத்தில் மேஜர் 5, அதாவது ஹையரோபன்ட் எனும் சமய குரு வந்தால் கோயில், நிறுவனம், விதிமுறை என்ற பக்கம் வலுக்கும். காசு 6-இல் தராசு பிடித்த ஒருவர் இரண்டு பேருக்குக் காசு போடுகிறார்.

இதே சீட்டுக்குக் காதல், இணக்கம் என்றும் பழைய குறிசொல்பவர்கள் பலன் சொன்னதாக வெயிட் குறிக்கிறார். படத்தில் ஒட்டாவிட்டாலும், கஷ்டத்தில் இருவராக நடப்பதைச் சொல்ல எப்போதாவது பயன்படும்.

ஒரு இடைச்செருகல்: 1909 நவம்பரில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்குப் பெரிய வேலை முடித்தேன் என்று இந்தப் படங்களைத்தான் ஸ்மித் சொல்கிறார். 1951-இல் கடனோடு இறந்தார்.

ஜூன் 12, வியாழன்

காலம் கேட்பவர்களுக்கு. கோல்டன் டான் முறையில் நாலு ஐந்தும் ஸ்திர ராசிகளின் முதல் பத்து பாகை. கோல்: சிம்மத்தில் சனி, ஜூலை 23 வாக்கில் தொடங்கிப் பத்து நாள். கோப்பை: விருச்சிகத்தில் செவ்வாய், அக்டோபர் 23 வாக்கில். வாள்: கும்பத்தில் சுக்கிரன், ஜனவரி 20 வாக்கில். காசு: ரிஷபத்தில் புதன், ஏப்ரல் 21 வாக்கில். இது சாயன ராசி, அதாவது மேல்நாட்டு ஜோதிடக் கணக்கு. நம் பஞ்சாங்கத்தில் சூரியன் சிம்மத்துக்கு வருவது ஆவணி பிறக்கும்போது, ஆகஸ்ட் 17 வாக்கில். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி சொன்னால் மூன்று வாரத்துக்கு மேல் பிசகும்.

எண்ணிக்கைக் கணக்கும் வேண்டும். நன்றாகக் கலைத்த முழுக் கட்டிலிருந்து மூன்று சீட்டு எடுத்தால், ஒரு ஐந்தாவது வர 15 சதவீத வாய்ப்பு. செல்டிக் கிராஸ் எனும் பத்துச் சீட்டு விரிப்பில் அது 43 சதவீதம். ஆகவே அதில் ஒரு ஐந்து வந்ததற்கு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் வகையைப் படித்தால் போதும். பத்தில் இரண்டு ஐந்தாவது வர 8 சதவீதம். அப்போது எண்ணைத் தனியாகச் சொல்லலாம். மூன்று சீட்டில் இரண்டு ஐந்து ஏறக்குறைய 170 தடவைக்கு ஒரு தடவை. அடுத்தடுத்த வாசிப்பில் அதுவே திரும்பத் திரும்ப வந்தால் முதலில் கலைத்த விதத்தைச் சந்தேகியுங்கள்: ஐந்துகளை அடுக்கிவைத்துப் படித்துவிட்டு அப்படியே கட்டில் செருகியிருப்பீர்கள். ஏழெட்டுத் தடவை கலைத்தால் சரியாகும்.

எண் சீட்டுகளில் காட்சி இல்லாத பழைய மார்செய் கட்டு வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன ஆட்கள் யாரும் கிடையாது. நாலு காசு நாலு மூலையில், ஒன்று நடுவில், கோப்பையும் அப்படியே. வாளில் வளைந்த நாலுக்கு நடுவே நேராக ஒன்று. அங்கே நடுவில் புதிதாக வந்து உட்கார்ந்த அந்த ஒன்றிலிருந்து வாசிப்பைத் தொடங்குங்கள்.